வானியல் வரலாற்றுல சிரிக்கற மாதிரி ஏதாவது நடந்திருக்கா?

பென்னாகரம் பக்கம் ஒரு அரசு பள்ளிக்கூடத்துல அறிவியல் சொல்லித்தர தம்பி ஒருத்தர் கேட்ட கேள்வி இது. பசங்களுக்கு வானியல்னாலே தூக்கம் வருதாம், கோள் பேர மனப்பாடம் பண்ணு, தூரத்த மனப்பாடம் பண்ணுன்னு முடிஞ்சு போகுதாம். உண்மையா நடந்த, சிரிப்பு வர்ற சம்பவம் இருந்தா சொல்லுங்க, அதுல ஒண்ண ஆண்டு விழாவுக்கு நாடகமாவும் போட்டுக்கறோம்னு கேட்டிருக்கார்.

தம்பி, நிறைய நடந்திருக்கு. வேற எந்த அறிவியல்லயும் இவ்ளோ சிரிப்பு கிடையாதுன்னே நான் சொல்லுவேன், ஏன்னா வேதியியல்காரர் பாக்கற பொருள் அவர் மேசை மேலயே இருக்கு, வானியல்காரர் பாக்கற பொருளோ கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அவர் கண்ணுக்கும் அதுக்கும் நடுவுல மேகம் வரும், சண்டை வரும், புறா வரும், பக்கத்து ரூம்ல சாப்பாடு சூடு பண்றவர் கூட வருவார். சிரிப்பு பூரா அந்த நடுவுல தான் இருக்கு. இன்னொண்ணும் பசங்களுக்கு சொல்லுங்க, இதெல்லாம் நமக்கு எப்டி தெரியும்னா ஏமாந்தவங்களே தான் பெரும்பாலும் தேதி போட்டு, அளவு போட்டு எழுதி வச்சிட்டு போயிருக்காங்க. அதனால நல்லா சிரிக்கட்டும், ஆனா அவங்கள முட்டாளுங்கன்னு நினைக்க விட்றாதீங்க.

நாடகத்துக்கு யோசிக்கவே வேணாம், லெ ஜென்டில் கதை தான். பாண்டிச்சேரில நடந்தது, தர்மபுரிலேர்ந்து காலைல பஸ் ஏறினா மத்தியானத்துக்குள்ள போயிடலாம், பசங்களுக்கும் தெரிஞ்ச ஊரு.

முதல்ல விஷயம் என்னன்னா, வெள்ளி கோள் எப்பவாவது ஒரு தடவ சூரியனுக்கு நேர் முன்னாடி கருப்பு புள்ளியா நடந்து போகும். அத உலகத்தோட வேற வேற மூலைலேர்ந்து பாத்து நேரம் குறிச்சா சூரியன் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு கணக்கு போட்டுடலாம்னு இங்கிலாந்து வானியலாளர் ஹாலி 1716லயே சொல்லிட்டார். ஆனா இந்த நடை தினமும் வராது, 8 வருஷ இடைவெளில ரெண்டு தடவ வரும், அப்பறம் நூறு வருஷத்துக்கு மேல வராது. நம்ம காலத்துல 2004லயும் 2012லயும் வந்துச்சு, அடுத்தது 2117ல. அந்த காலத்துல 1761, 1769. அத விட்டா 1874 தான்.

கியோம் லெ ஜென்டில்னு பிரெஞ்சுக்காரர், 1760 மார்ச்சுல கப்பல் ஏறினார், 1761 ஜூன் 6ஆம் தேதி பாண்டிச்சேரில இருக்கணும், கையில ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு, நிதானமா வந்து சேந்துடலாம். ஆனா அப்போ பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர். மொரிஷியஸ்ல மாசக்கணக்கா கப்பலுக்கு காத்திருந்து, கிடைச்ச போர்க்கப்பல்ல தொத்திக்கிட்டு, காத்து ஒத்துக்காம கடல்லயே சுத்தி, ஒரு வழியா கேரளா கரைல மாஹே பக்கம் வந்தா சேதி வருது, பாண்டிச்சேரிய இங்கிலீஷ்காரன் ஜனவரிலயே புடிச்சுட்டான்னு. கப்பல் அப்டியே திரும்பி மொரிஷியஸுக்கே போகுது. ஜூன் 6 அன்னிக்கு நடுக்கடல்ல வானம் பளிச்சுனு இருந்துச்சு, வெள்ளி நடந்துச்சு, மனுஷன் கண்ணால பாத்தார், நேரமும் குறிச்சார். ஆனா ஆடற கப்பல்ல ஊசல் கடிகாரம் ஒழுங்கா ஓடாது, தான் எந்த இடத்துல மிதக்கறோம்னும் துல்லியமா தெரியாது, அதனால அந்த குறிப்பு ஒண்ணுத்துக்கும் உதவல.

வேற யாரா இருந்தாலும் ஊருக்கு போயிருப்பாங்க. இவர், இன்னும் 8 வருஷத்துல திரும்ப வருதே, எதுக்கு போய்ட்டு போய்ட்டு வரணும்னு இந்தியப் பெருங்கடல் பக்கமே தங்கிட்டார். மடகாஸ்கர்ல வரைபடம் போட்டார், செடி கொடி மீன்னு எல்லாத்தையும் குறிச்சார், 1766ல மணிலாவுக்கு போய் அங்கேர்ந்து பாக்கலாம்னு ஏற்பாடு பண்ணினார், அங்க இருந்த ஸ்பெயின் கவர்னர் இவர உளவாளியோன்னு சந்தேகப்பட்டார், பிரான்ஸ்லேர்ந்தும் பாண்டிச்சேரிக்கே போங்கன்னு கடுதாசி வந்துச்சு. சரின்னு 1768 மார்ச்சுல பாண்டிச்சேரி வந்து எறங்கினார். அதுக்குள்ள சமாதானம் ஆகி ஊரு பிரெஞ்சுக்காரங்க கைக்கு திரும்ப வந்திருந்துச்சு. இடிஞ்சு கெடந்த கோட்டை மேலயே ஒரு நோக்ககம் கட்டினார். மெட்ராஸ்ல இருந்த இங்கிலீஷ்காரங்க இவருக்கு ஒரு நல்ல தொலைநோக்கி கூட அனுப்பி வச்சாங்க, எந்த ஆளுங்களால மொத தடவ காரியம் கெட்டுச்சோ அதே ஆளுங்க!

1769 மே மாசம் பூரா காலைல வானம் கண்ணாடியா இருந்துச்சு. ஜூன் 3 ராத்திரி கவர்னருக்கு வியாழனோட நிலாக்கள காட்டி சந்தோஷமா படுத்தார். மறுநாள் விடியக்காலைல எந்திரிச்சு பாத்தா மேகம். சூரியன் உதிச்ச கொஞ்ச நேரத்துல வெள்ளி வெளிய போயிடும், அந்த கொஞ்ச நேரம் மட்டும் மேகம் நகரவே இல்ல. எல்லாம் முடிஞ்ச பிறகு சூரியன் வெளிய வந்துச்சு, அப்பறம் நாள் பூரா வெயில் காஞ்சுச்சு. போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கவங்களுக்கு இது நல்லா புரியும், வருஷம் பூரா பூ புடிச்சு பிஞ்சு காத்து நிக்கறப்ப அறுப்புக்கு முந்தின நாள் ஆலங்கட்டி மழை அடிச்சா எப்டி இருக்கும், அதே தான், இவருக்கு எட்டு வருஷம். மணிலால அன்னிக்கு வானம் சுத்தமா இருந்துச்சுன்னு அப்பறம் சேதி வந்துச்சு.

ரெண்டு வாரத்துக்கு மேல பேனாவ தொட முடியலன்னு அவரே எழுதியிருக்கார். வயித்துப்போக்கு வேற புடிச்சுக்குச்சு. ஊருக்கு கிளம்பின கப்பல் நன்னம்பிக்கை முனை பக்கம் புயல்ல அடிபட்டு மறுபடியும் மொரிஷியஸுக்கே வந்துச்சு! கடைசில ஒரு ஸ்பெயின் கப்பல் புடிச்சு, மலை தாண்டி, 1771 அக்டோபர்ல பிரான்ஸுக்குள்ள கால் வச்சா, அங்க இவர் செத்துட்டாருன்னு முடிவு பண்ணி சொத்த பங்கு போட சொந்தக்காரங்க கிளம்பியிருக்காங்க, அறிவியல் கழகத்துல இவர் நாற்காலிய இன்னொருத்தருக்கு குடுத்துட்டாங்க, இவர் அனுப்பின கடுதாசி எதுவும் போய் சேரல. நான் உயிரோட தான் இருக்கேன்னு கோர்ட்டுக்கு போய் வழக்காட வேண்டியதா போச்சு. ஆனா முடிவு நல்ல முடிவு, நாற்காலி திரும்ப கிடைச்சுது, கல்யாணம் பண்ணிக்கிட்டார், பொண்ணு பொறந்துச்சு, பயணத்த பத்தி ரெண்டு பாகமா புஸ்தகம் போட்டார், 1792 வரைக்கும் இருந்தார். நாடகத்துல மேகம் வேஷத்த உங்க வகுப்புலயே நல்லா நடிக்கற பையனுக்கு குடுங்க. வசனமே வேணாம், சரியான நேரத்துக்கு வந்து நின்னு சரியான நேரத்துக்கு நகந்தா போதும், கைதட்டு அவனுக்கு தான்.

அந்த நாடகத்துல இன்னொரு காட்சி கண்டிப்பா வைக்கணும். பாண்டிச்சேரில சும்மா இருந்த நாள்ல லெ ஜென்டில் உள்ளூர் தமிழர் ஒருத்தர்கிட்ட நம்ம ஜோதிட கணக்கு முறைய கத்துக்கிட்டார். நம்மாளு பேனா, பேப்பர் எதையும் தொடல, தரைல சோழிய பரப்பி வச்சுக்கிட்டு, மனப்பாடமா இருந்த வாய்ப்பாட்ட முணுமுணுத்துக்கிட்டே 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்துக்கு கணக்கு போட்டு காட்டியிருக்கார். கிரகணம் எவ்ளோ நேரம் நீடிக்கும்ங்கறதுல அவர் கணக்கு 41 விநாடி கம்மியா வந்துச்சு. ஐரோப்பால அன்னிக்கு பெரிய பேர் வாங்கின டோபியாஸ் மேயரோட அட்டவணைல போட்டா 68 விநாடி அதிகமா வந்துச்சு. அத மறைக்காம தன் புஸ்தகத்துலயே எழுதிட்டார் பாருங்க, அதுக்காகவே எனக்கு இந்த மனுஷன ரொம்ப புடிக்கும். இதே சோழிக் கணக்க 1825ல ஜான் வாரன்ங்கறவரும் பதிவு பண்ணியிருக்கார். அந்த வாரன் யாருன்னா, மெட்ராஸ் நோக்ககத்த கொஞ்ச வருஷம் பாத்துக்கிட்டவர், அதுக்கு முன்னாடி மைசூர் எல்லைய அளக்க வந்தப்ப கோலார் பக்கம் மண்ணுல தங்கம் இருக்குன்னு எழுதி வச்சவர். கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு கோலார் தங்கவயல் கூப்புடு தூரம், அதனால சொன்னேன்.

மேகத்துகிட்ட தோத்தவர் லெ ஜென்டில் மட்டும் இல்ல. ஜான்சன்னு இன்னொரு பிரெஞ்சுக்காரர், 1868ல நம்ம குண்டூர்ல முழு சூரிய கிரகணத்த அருமையா பாத்து பேர் வாங்கினவர், 1870ல பாரிஸ ஜெர்மன் படை சுத்தி வளைச்சு நிக்கறப்ப பலூன்ல ஏறி எதிரி தலைக்கு மேலயே பறந்து தப்பிச்சு, அல்ஜீரியா வரைக்கும் போய் கிரகணத்துக்கு உக்காந்தார். அன்னிக்கு மேகம். உசுர பணயம் வச்சு பறந்ததெல்லாம் மேகத்துக்கு தெரியுமா.

இப்ப கலிலியோ, கெப்ளர் கதை, இது எனக்கு எல்லாத்த விடவும் புடிச்சது. அந்த காலத்துல ஒண்ண கண்டுபிடிச்சா உடனே வெளிய சொல்ல பயம், வேற யாராவது தட்டிட்டு போயிடுவாங்க, சொல்லாம இருந்தாலும் பயம், வேற யாராவது முந்திடுவாங்க. அதனால சொல்ல வந்த வாக்கியத்தோட எழுத்தையெல்லாம் கலைச்சு போட்டு, ஒரு அர்த்தமும் இல்லாத எழுத்துக்கூட்டமா அனுப்பிடுவாங்க. பின்னாடி சண்டை வந்தா, பாரு அன்னிக்கே சொன்னேன்னு அவுத்து காட்டலாம். 1610ல கலிலியோ சனிய பாத்தார், நடுவுல ஒரு உருண்டை, ரெண்டு பக்கமும் சின்ன உருண்டை ஒட்டிக்கிட்டு இருக்கறதா தெரிஞ்சுது, வளையம்னு அவருக்கு தெரியாது. "உச்சியில இருக்கற கோள் மூணா இருக்கறத பாத்தேன்"ங்கற லத்தீன் வாக்கியத்த கலைச்சு 37 எழுத்தா பிராகா நகரத்துக்கு அனுப்பிட்டார்.

அங்க கெப்ளர் இருக்காரே, அவரால சும்மா இருக்க முடியுமா. எழுத்த மாத்தி மாத்தி அடுக்கி, கடைசில "வாழ்க இரட்டையரே, செவ்வாயின் பிள்ளைகளே"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒண்ணு புடிச்சுட்டார், அதுல லத்தீன் கொஞ்சம் ஒடஞ்சு தான் இருந்துச்சு. ஓகோ, கலிலியோ செவ்வாய்க்கு ரெண்டு நிலா கண்டுபிடிச்சுட்டாருன்னு நம்பிட்டார். முழு தப்பு. ஆனா செவ்வாய்க்கு உண்மையாவே ரெண்டு நிலா தான் இருக்கு! 267 வருஷம் கழிச்சு, 1877ல ஆசாஃப் ஹால்னு அமெரிக்க வானியலாளர் கண்டுபிடிச்சார். அவரும் தேடி சலிச்சு போய் விட்றலாம்னு இருந்தப்ப, இன்னும் ஒரு ராத்திரி பாருங்கன்னு தள்ளி விட்டது அவர் மனைவி ஏஞ்சலின், அவங்க பொறந்த வீட்டு பேரான ஸ்டிக்னி தான் அந்த ரெண்டுல ஒண்ணான ஃபோபோஸ் நிலாவுல இருக்கற பெரிய பள்ளத்துக்கு வச்சிருக்காங்க.

கதை இன்னும் முடியல. அதே வருஷ கடைசில கலிலியோ இன்னொரு கலைச்ச வாக்கியம் அனுப்பினார், வெள்ளியும் நிலாவும் ஒண்ணு போல வளந்து தேயுதுங்கறது தான் உண்மையான சேதி. கெப்ளர் மறுபடியும் உக்காந்து அவுத்துப் பாத்து, வியாழன்ல ஒரு சிவப்பு புள்ளி இருக்குங்கற மாதிரி ஒண்ணு கொண்டு வந்தார். மறுபடியும் தப்பு, மறுபடியும் வியாழன்ல உண்மையாவே ஒரு பெரிய சிவப்பு புள்ளி இருக்கு, பூமியையே முழுங்கற அளவுக்கு பெரிய புயல். ரெண்டு தடவ விடுகதைக்கு தப்பா பதில் சொல்லி ரெண்டு தடவயும் வானத்துல அது சரியா போன மனுஷன் உலகத்துல வேற யாரும் இருக்க மாட்டாங்க. இத வகுப்புல சொல்லி பாருங்க, பசங்க செவ்வாய்க்கு எத்தன நிலான்னு சாகற வரைக்கும் மறக்க மாட்டாங்க.

கெப்ளர் பொண்ணு பாத்த கதையும் நம்மூர்ல நல்லா எடுபடும். மொத மனைவி 1611ல இறந்து போய்ட்டாங்க, குழந்தைங்க இருக்கு, ரெண்டாந்தாரம் பாக்கணும். ரெண்டு வருஷத்துல 11 பொண்ணு பாத்தார், ஒவ்வொருத்தர பத்தியும் நிறை குறை, குடும்பம், வசதி எல்லாத்தையும் வரிசையா ஒரு பெரிய மனுஷருக்கு கடுதாசில எழுதியிருக்கார், செவ்வாய் சுத்துப்பாதைய கணக்கு போட்ட அதே பொறுமையோட. தெரிஞ்சவங்க எல்லாம் வசதி இல்ல வேணாம்னு சொன்ன அஞ்சாவது பொண்ணு சுசன்னா, சுத்தி சுத்தி வந்து அவங்களையே கட்டிக்கிட்டார், நல்லாவும் வாழ்ந்தார். கல்யாணத்துக்கு வாங்கின திராட்சை மது பீப்பாய்ல எவ்ளோ இருக்குன்னு வியாபாரி ஒரு கம்ப குறுக்கால உள்ள விட்டு அளந்து காசு சொன்னத பாத்து மாப்பிள்ளைக்கு மனசு ஒப்பல, இது எப்டி சரியா வரும்னு யோசிச்சு யோசிச்சு 1615ல பீப்பாயோட கொள்ளளவு பத்தி ஒரு புஸ்தகமே எழுதிட்டார். நுண்கணிதத்துக்கு வழி போட்ட புஸ்தகங்கள்ல அதுவும் ஒண்ணு.

அவருக்கு குரு ஸ்தானத்துல இருந்த டைகோ பிராஹே பத்தி தனியாவே எழுதலாம், சுருக்கமா சொல்றேன். இருபது வயசுல இன்னொரு பையன்கூட வாள் சண்டை போட்டு மூக்கு போச்சு, மீதி வாழ்நாள் பூரா உலோக மூக்கு ஒட்டிக்கிட்டு திரிஞ்சார், 2010ல கல்லறைய தொறந்து பரிசோதிச்சப்ப அது பித்தளைன்னு தெரிஞ்சுது. அவர் வளத்த எல்க் மான் ஒரு பிரபு வீட்டுக்கு போன எடத்துல பீர நிறைய குடிச்சுட்டு மாடிப்படில உருண்டு செத்துப்போச்சு. கேக்க கட்டுக்கதையா தெரியும், டைகோவோட வரலாற எழுதினவங்க பதிவு பண்ணின விஷயம் தான். தொலைநோக்கியே இல்லாத காலத்துல வெறும் கண்ணால அவர் எடுத்த அளவு இல்லன்னா கெப்ளர் விதியும் இல்ல, அத பசங்களுக்கு மான் கதையோட சேத்தே சொல்லணும்.

நியூட்டன் புஸ்தகம் வந்த கதை ஆபீஸ்ல வேலை பாக்கறவங்களுக்கு ரொம்ப புடிக்கும். 1684ல ஹாலி, ஹூக், ரென்னு மூணு விஞ்ஞானிங்களும் லண்டன்ல பேசிட்டு இருக்கறப்ப, கோள் நீள்வட்டத்துல போறதுக்கு காரணம் ஈர்ப்பு விதிதான்னு ரெண்டு மாசத்துல நிரூபிச்சா 40 ஷில்லிங் மதிப்புல புஸ்தகம் தரேன்னு ரென் பந்தயம் கட்டினார். ஹூக் எனக்கு தெரியும், ஆனா இப்ப சொல்ல மாட்டேன்னார். ஹாலி நேரா கேம்பிரிட்ஜ் போய் நியூட்டன கேட்டா, அத நான் எப்பவோ போட்டுட்டேனே, பேப்பர் எங்க வச்சேன்னு தான் தெரியலங்கறார்! அந்த தேடல் தான் பின்னாடி பிரின்சிப்பியாங்கற நியூட்டனோட பெரிய புஸ்தகமா வளந்துச்சு. அச்சு போடலாம்னு பாத்தா லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டில காசு இல்ல, ஏன்னா அதுக்கு முன்னாடி வருஷம் மீன்களோட வரலாறுன்னு ஒரு தடி புஸ்தகத்த படம் எல்லாம் போட்டு பிரமாதமா அச்சடிச்சு, அது விக்காம கட்டு கட்டா கெடக்கு. கடைசில ஹாலி தன் கைக்காச போட்டு 1687ல பிரின்சிப்பியாவ வெளியிட்டார். அதுக்கு சொசைட்டி என்ன பண்ணுச்சுன்னா, ஹாலிக்கு தர வேண்டிய 50 பவுண்டு சம்பளத்துக்கு காசு இல்லாம, விக்காத மீன் புஸ்தகத்தையே சம்பளமா குடுத்துச்சு.

நம்ம பக்கத்து வீட்டு விஷயத்துக்கு வரேன், காவலூர் வானியல் நோக்ககம். கிருஷ்ணகிரிலேர்ந்து பர்கூர், திருப்பத்தூர், ஆலங்காயம்னு போனா ஜவ்வாது மலைல இருக்கு, பசங்கள ஒரு தடவயாவது கூட்டிட்டு போங்க. அந்த மலைக்கு யுரேனஸோட ஒரு பந்தம் இருக்கு. யுரேனஸ 1781ல கண்டுபிடிச்ச ஹெர்ஷல் ஒரு இசைக்காரர், வீட்டு தோட்டத்துல சொந்தமா செஞ்ச தொலைநோக்கில பாத்துட்டு மொதல்ல வால்மீன்னு தான் நினைச்சார். கோள்னு உறுதியானதும் ராஜா ஜார்ஜ் பேர வச்சார், ராஜா வருஷம் 200 பவுண்டு சம்பளம் போட்டார், ஆனா மத்த நாட்டுக்காரங்க இங்கிலாந்து ராஜா பேர நாங்க ஏன் சொல்லணும்னு ஒத்துக்கல. 1690லயே ஃபிளாம்ஸ்டீட்னு இங்கிலாந்து வானியலாளர் அத பாத்துட்டு, நட்சத்திரம்னு நம்பர் போட்டு பட்டியல்ல சேத்துட்டு போய்ட்டார், கண்ணு முன்னால கோள் நின்னிருக்கு!

1977 மார்ச் 10 அன்னிக்கு யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்துக்கு குறுக்கால வரும்னு கணக்கு. காவலூர்ல ஒரு மீட்டர் தொலைநோக்கில பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் உக்காந்திருந்தாங்க, அதே நேரம் அமெரிக்காக்காரங்க விமானத்துக்குள்ள தொலைநோக்கிய வச்சு இந்தியப் பெருங்கடல் மேல பறந்துட்டு இருந்தாங்க. கோள் நட்சத்திரத்த தொடறதுக்கு முன்னாடியே நட்சத்திரம் திடீர்னு மங்கி மங்கி வந்துச்சு. மேகமா, கருவி கோளாறான்னு எல்லாருக்கும் சந்தேகம், காவலூர்க்காரங்க கருவி சரியா தான் இருக்கு, இது ஏதோ துணைக்கோள்னு முதல்ல நினைச்சாங்க. விமானத்துல போனவங்களுக்கு கோளோட இந்த பக்கம் எத்தன தடவ மங்குச்சோ அந்த பக்கமும் அதே அளவுல மங்கினது தெரிஞ்சதும் தான் புரிஞ்சுது, யுரேனஸுக்கும் வளையம் இருக்கு. நடுவுல வந்து மறைச்சது மேகமா இல்லாம புது கண்டுபிடிப்பா இருந்த ஒரு ராத்திரி, அது நம்ம மலைலேர்ந்தும் பதிவாச்சு. இதுக்கு நம்ம மாவட்டத்து பாடத்துல ஒரு பக்கம் ஒதுக்கணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கேன்.

இப்ப நடுவுல மனுஷனே வந்து நின்ன கதைங்க. 1960கள்ல பிரான்ஸ்ல ஒரு நோக்ககத்துல சில நட்சத்திரத்தோட ஒளிய நிறம் நிறமா பிரிச்சு பாக்கற நிறமாலைல திடீர்னு பொட்டாசியம் எரியற கோடு தெரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல காணாம போயிடும். புது வகை நட்சத்திரம்னு ஆய்வுக்கட்டுரையே வந்துச்சு. கலிஃபோர்னியால மூணு பேர் யோசிச்சு, கருவி பக்கத்துல தீக்குச்சிய கிழிச்சு பாத்தாங்க, அச்சு அசலா அதே கோடு. ராத்திரி வேலை பாக்கறவங்க சிகரெட் பத்த வச்சிருக்காங்க, தீக்குச்சி மருந்துல பொட்டாசியம் குளோரேட் இருக்கு, குடியாத்தம், சிவகாசி தீப்பெட்டி ஆபீஸ்ல கேட்டா யாரும் சொல்லிடுவாங்க. 1967ல இதுவும் கட்டுரையா வந்துச்சு, அந்த கட்டுரைய படிக்கறதே ஒரு சுகம்.

பென்சியாஸ், வில்சன் கதை நிறைய பேருக்கு தெரியும், சுருக்கமா போறேன். 1964ல நியூ ஜெர்சில பெரிய கொம்பு வடிவ ஆன்டெனால எந்த பக்கம் திருப்பினாலும் ஒரு இரைச்சல். உள்ள பாத்தா ஒரு ஜோடி புறா குடும்பம் நடத்திட்டு இருக்கு. எச்சத்த எல்லாம் சுத்தம் பண்ணி, புறாவ புடிச்சு பெட்டில போட்டு தூரமா இருக்கற இன்னொரு ஊருக்கு கம்பெனி தபால்ல அனுப்பி வச்சாங்க. அது வீடு தேடி வர்ற ஜாதி புறா, ரெண்டு நாள்ல திரும்பிடுச்சு! புறா போன பிறகும் இரைச்சல் போகல. பக்கத்துல பிரின்ஸ்டன்ல டிக்கியோட குழு, பிரபஞ்சம் பொறந்தப்ப உண்டான வெப்பத்தோட மிச்சம் இன்னும் இருக்கணும்னு அத தேடறதுக்கே கருவி கட்டிட்டு இருந்தாங்க, இவங்ககிட்டேர்ந்து ஃபோன் வந்ததும் டிக்கி வச்சிட்டு, நம்மள முந்திட்டாங்கப்பான்னு சொன்னாராம். புறா எச்சம்னு சந்தேகப்பட்டது பிரபஞ்சத்தோட பழைய ஒளி, 1978ல நோபல் பரிசு.

ஆஸ்திரேலியால பார்க்ஸ்ல 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி இருக்கு. 1998லேர்ந்து அதுல அப்பப்ப ஒரு விநோத சிக்னல் வரும், பல கோடி ஒளியாண்டு தூரத்துலேர்ந்து வர்ற வெடிப்போட ஜாடை அதுல இருக்கும், ஆனா பகல்ல, ஆபீஸ் நேரத்துல தான் நிறைய வரும். வானத்துல இருக்கறவங்களுக்கு நம்ம ஆபீஸ் நேரம் எப்டி தெரியும்? 2015ல எமிலி பெட்ராஃபும் கூட இருந்தவங்களும் துப்பு துலக்கி, அங்க இருந்த மைக்ரோவேவ் அடுப்பு தான்னு கண்டுபிடிச்சாங்க. டைமர் முடியறதுக்கு முன்னாடியே அவசரத்துல கதவ தொறந்தா அந்த ஒரு நொடில கதிர் வெளிய கசியுது, டிஷ் அந்த பக்கம் திரும்பி இருந்தா புடிச்சுக்குது. சும்மா ஊகிச்சு விட்றல, அடுப்புல பாத்திரத்த வச்சு, வேணும்னே கதவ தொறந்து தொறந்து, சிக்னல் வருதான்னு பாத்து தான் எழுதினாங்க. அதே தொலைநோக்கில கிடைச்ச இன்னொரு வகை வெடிப்பு, லோரிமர்ங்கற வானியலாளர் 2007ல சொன்னது, அது அடுப்பு இல்ல, உண்மையாவே ரொம்ப தூரத்துலேர்ந்து வருதுன்னு பிரிச்சு காட்ட முடிஞ்சது இந்த சோதனையால தான்.

இங்க ஒண்ணு சேத்து சொல்லணும். நம்மூர்ல கிரகணம் வந்தா வீட்டு வாசல்ல தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கைய நிக்க வைக்கறாங்க, நிக்குது, உடனே எல்லாரும் ஃபோன்ல படம் எடுத்து அனுப்பறாங்க. பாட்டிகள கேலி பண்ணாதீங்க, கடிகாரம் இல்லாத காலத்துல கிரகணத்த ஊரே கூடி கவனிச்சிருக்குன்னா அது பெரிய விஷயம். ஆனா தீக்குச்சிய கிழிச்சு பாத்தவங்க, அடுப்பு கதவ தொறந்து பாத்தவங்க பண்ணின வேலைய பசங்க பண்ணணும். கிரகணம் இல்லாத ஒரு சாதா செவ்வாக்கிழமைல அதே உலக்கைய அதே தாம்பாளத்துல நிறுத்தட்டும். அடி தட்டையா இருந்தா, பொறுமையா நேர் புடிச்சா, என்னிக்கும் நிக்கும். பாட்டியையே நிறுத்த சொல்லுங்க, அவங்களுக்கு தான் கை நிதானம் அதிகம்.

கடைசியா ரொம்ப கிட்டத்துல நடந்தது. 2025 ஜனவரி 2ஆம் தேதி, பூமிக்கு பக்கத்துல வர்ற ஒரு சிறுகோள்னு சொல்லி 2018 சிஎன்41னு பேர் போட்டு அதிகாரபூர்வ பட்டியல்ல ஏத்தினாங்க. மறுநாளே தூக்கிட்டாங்க. ஏன்னா அது எலான் மஸ்க் 2018 பிப்ரவரில ராக்கெட்ல ஏத்தி விட்ட டெஸ்லா கார், டிரைவர் சீட்ல விண்வெளி உடுப்பு போட்ட பொம்மையோட சூரியன சுத்திட்டு இருக்கு. 2007லயும் இதே ஆச்சு, பூமிய உரசிட்டு போகப்போற சிறுகோள்னு அறிவிச்சது கடைசில ஐரோப்பாவோட ரொசெட்டா விண்கலம். கேக்க சிரிப்பா இருந்தாலும் நிஜமான சிறுகோள் ஒண்ணு வர்றப்ப விண்கலம்னு நினைச்சு விட்டுட்டா என்னாகறது, அதனால தூரத்துல சுத்தற விண்கலங்களோட பாதைய எல்லா நாடும் கம்பெனியும் பொதுவுல போடணும்னு வானியல்காரங்க இப்ப கேட்டுட்டு இருக்காங்க.